போனில் மூளும் சண்டையும் பெங்களூர்த் தமிழரும்

ஒரு பிரமுகர் சென்னையில் ஒரு மேடையில் ஒரு வாக்கியம் சொன்னால், அதற்குப் பெங்களூரில் மூட்டை தூக்கும் தமிழன் ஏன் பதில் சொல்ல வேண்டும்? வேடிக்கையாகத் தோன்றும் இந்தக் கேள்வி, இந்நகரில் வாழும் நம்மவர்களுக்கு வேடிக்கையாக இல்லை.

2025-ம் ஆண்டு மே 24-ந் தேதி சென்னையில் 'தக் லைப்' படத்தின் இசை வெளியீட்டு விழா நடந்தது. விழாவுக்கு வந்திருந்த கன்னட நடிகர் சிவராஜ்குமாரை உறவு கொண்டாடிப் பேசிய கமலஹாசன், கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்ற கருத்தையும் சேர்த்துச் சொன்னார். தமிழும் கன்னடமும் ஒரே மூல திராவிட மொழியிலிருந்து கிளைத்தவை, ஒன்றுக்கொன்று சகோதரிகள் என்பதே மொழி ஆராய்ச்சியாளர்கள் பொதுவாக ஏற்றிருக்கும் கருத்து. ஆகவே அவர் சொன்னதை மறுப்பதற்கு இடமிருந்தது. யாராவது ஒரு கன்னடப் பேராசிரியர் நல்ல கட்டுரை ஒன்று எழுதியிருந்தால் விஷயம் அதோடு தீர்ந்திருக்கும்.

தீரவில்லை. உறவு கொண்டாடிய பகுதியை விட்டுவிட்டு, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்து வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் சுற்ற விட்டார்கள். மன்னிப்புக் கேட்காவிட்டால் படம் கிடையாது என்று இங்குள்ள திரைப்பட வர்த்தக சபை அறிவித்தது. மன்னிப்புக் கேட்டால் என்ன என்று ஐகோர்ட்டும் கேட்டது. ஜூன் 5-ந் தேதி பிற மாநிலங்களில் வெளியான படம் இங்கு வெளியாகவில்லை. கும்பல் சொல்வதெல்லாம் சட்டமாகிவிட முடியாது என்ற கருத்தில் சுப்ரீம் கோர்ட் ஜூன் 17-ல் கண்டித்த பிறகுதான், படத்திற்குப் பாதுகாப்பு தருவதாக மாநில அரசு உறுதி கூறியது.

படம் ஓடியதா, ஓடவில்லையா என்பது நமக்குப் பெரிதல்ல. அந்த நாட்களில் செல்போனில் வாளெடுத்து வீசிய சூரர்கள் யார் என்பதே கவனிக்க வேண்டியது. கன்னடத்தில் தமிழரை ஏசியவர்களைச் சொல்லவில்லை. அவர்களைத் திருத்துவது கன்னடப் பெரியோர்கள் வேலை. தமிழில், "நாங்கள்தான் தாய், நீங்கள் பிள்ளை" என்று மார்தட்டிக் கன்னடர்களை இழிவாக எழுதினார்களே, அந்த அன்பர்களைச் சொல்கிறேன். மறுநாள் காலையில் பீன்யாவில் ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள் இல்லை. கலாசிபாளையம் மார்க்கெட்டில் லாரியிலிருந்து மூட்டை இறக்க வேண்டியவர்களோ, கன்னட மேஸ்திரியிடம் வாரக்கூலி வாங்க வேண்டியவர்களோ அவர்கள் இல்லை. வீரம் பேசுகிறவர் ஓரிடத்தில், அடி வாங்குகிறவர் வேறோரிடத்தில். இந்தக் கணக்கில் நியாயம் இல்லை.

இது மிகைப்படுத்திச் சொல்வதல்ல. 2016 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். தமிழகத்திற்கு வினாடிக்கு 15,000 கன அடி காவிரி நீர் திறந்துவிட வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் செப்டம்பர் 5-ந் தேதி உத்தரவிட்டது. கர்நாடகத்தில் பந்த் நடந்தது. கன்னட நடிகர்கள் கலந்து கொண்டார்கள். இங்கிருந்த தமிழ் இளைஞர் ஒருவர் அந்த நடிகர்களைக் கேலி செய்து பேஸ்புக்கில் ஏதோ எழுதினார். ஒரு கும்பல் அவரைப் பிடித்து அடித்து, மன்னிப்புக் கேட்க வைத்தது. அதை வீடியோவும் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியது. அடித்ததைவிட அந்த வீடியோ எடுத்ததுதான் பெரிய பாதகம் என்பேன். ஏனென்றால் அது தமிழகம் முழுவதும் கை மாறியது. செப்டம்பர் 12, திங்கட்கிழமை அதிகாலையில் சென்னையில் கன்னடர் நடத்தும் ஒரு ஹோட்டல் தாக்கப்பட்டது. ராமேசுவரத்தில் கர்நாடகப் பயணிகளின் வாகனங்கள் தாக்கப்பட்டன. அந்தப் படங்கள் சில மணி நேரத்தில் பெங்களூருக்கு வந்து சேர்ந்தன. அன்றே சுப்ரீம் கோர்ட் தண்ணீரின் அளவை 12,000 கன அடியாகக் குறைத்தும், 20-ந் தேதி வரை திறக்கச் சொன்ன செய்தியும் வந்தது. பிற்பகலில் நகரம் எரிந்தது. தனியார் கம்பெனி ஒன்றின் பஸ்கள் டெப்போவிலேயே டஜன் கணக்கில் சாம்பலாயின. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் போயிற்று. 16 போலீஸ் நிலைய எல்லைகளில் ஊரடங்கு உத்தரவு போட்டார்கள்.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியையும் கோத்தது ஒரு வீடியோ. அதை அனுப்பியவர் ஒவ்வொருவரும், "நம்மவனை அடித்துவிட்டார்களே" என்ற நியாயமான கோபத்தில்தான் அனுப்பியிருப்பார். அடிபட்ட இளைஞருக்கு அதனால் என்ன நன்மை? எரிந்த பஸ்களின் டிரைவர், கிளீனர்களுக்கு என்ன நன்மை? 1991 டிசம்பர் கலவரத்தைக் கண்ட பெரியவர்கள் இன்னும் இங்கு இருக்கிறார்கள். அப்போது செல்போன் இல்லை. வதந்திக்குக் கால் முளைத்து நடக்கச் சிறிது நேரமாவது பிடித்தது. இன்று அந்த அவகாசமும் இல்லை.

பழைய பேச்சைத் தோண்டி எடுத்து வருவது இன்னொரு வகை. நடிகர் சத்யராஜ் 2008-ல் சென்னையில் திரையுலகினர் இருந்த உண்ணாவிரதத்தில் பேசியதை, 'பாகுபலி' இரண்டாம் பாகம் வெளிவந்த 2017 ஏப்ரலில் எடுத்துப் போட்டார்கள். நடுவே ஒன்பது ஆண்டுகள். அதே படத்தின் முதல் பாகம் 2015-ல் இங்கு எவ்வித ஆட்சேபமும் இல்லாமல் ஓடியிருந்தது. பேச்சு அப்போதும் இருந்தது. கோபம் மட்டும் பிறகுதான் வந்தது. அவர் வருத்தம் தெரிவித்த பின்னரே படம் வெளியாயிற்று. தேதி போடாமல் வரும் வீடியோவை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

நாம் அகப்படும் வலையில் பிறரும் அகப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று 2023 மார்ச்சில் வடக்கே வீடியோக்கள் பரவின. அவற்றில் ஒன்று வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்டுக் கொண்ட சண்டை, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கிடையே நடந்த தகராறு என்று தமிழகப் போலீசார் விளக்கினார்கள். பீகார் அரசு ஓர் அதிகாரிகள் குழுவையே அனுப்பி விசாரித்துத் திருப்தி அடைந்தது. ரயில் நிலையங்களில் கூட்டம் அலை மோதுவதைக் காட்டி, "ஓடுகிறார்கள் பாருங்கள்" என்றும் சொன்னார்கள். அந்த ஆண்டு ஹோலி மார்ச் 8-ந் தேதி. ஹோலிக்கு முந்தைய வாரம் வடக்கே போகும் வண்டிகளில் நிற்க இடம் இருக்காது என்பது புக்கிங் ஜன்னலில் உட்கார்ந்த எந்தக் குமாஸ்தாவுக்கும் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை.

2012 ஆகஸ்டில் அது நமது ஸ்டேஷனிலேயே நடந்தது. ரம்ஜானுக்குப் பிறகு வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப் போகிறார்கள் என்று எஸ்.எம்.எஸ். பரவியது. செக்யூரிட்டி வேலையிலும் ஹோட்டல் வேலையிலும் இருந்தவர்கள் சம்பளத்தைக்கூட வாங்காமல் ஆயிரக்கணக்கில் ஸ்டேஷனில் குவிந்தார்கள். கவுகாத்திக்கு ஸ்பெஷல் ரயில்கள் விடப்பட்டன. மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்ப மத்திய அரசு தடை போட்டது. பயந்தது நடக்கவில்லை. ஆனால் விட்டுப் போன வேலை எத்தனை பேருக்குத் திரும்பக் கிடைத்திருக்கும்?

அப்படியானால் தமிழன் வாயை மூடிக் கொண்டு கிடக்க வேண்டுமா என்று சிலர் சீறுவார்கள். வேண்டாம். காவிரியில் நம் உரிமையைப் பேச நடுவர் மன்றம் இருந்தது, கோர்ட் இருக்கிறது, பேசியும் இருக்கிறோம். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை ஏறத்தாழ 18 ஆண்டுகள் மூடிக் கிடந்தது. அதை 2009 ஆகஸ்டில் திறந்து வைத்தது எந்த வசைமாரியும் அல்ல. இரு மாநில முதலமைச்சர்களும் உட்கார்ந்து பேசி, சென்னையில் சர்வக்ஞர் சிலைக்கு இடம் ஒதுக்கியதால்தான் அது நடந்தது. கன்னட எழுத்துத் தெரிந்த நம் இளைஞர்கள், இப்படியொரு சச்சரவு எழும்போது மறுநாள் கன்னடப் பத்திரிகையையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தால் நல்லது. நம்மைத் திட்டுகிறவர்கள் மட்டும்தான் அங்கே எழுதுகிறார்கள் என்ற எண்ணம் பாதி குறைந்துவிடும்.

மற்றபடி சிறு காரியங்கள் சில உண்டு. வாட்ஸ்அப்பில் ஒரு செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது ஏற்கெனவே பல கைகள் மாறி வந்தது என்று பொருள். அதை எழுதியவர் உங்களுக்கு அனுப்பியவர் அல்ல. அவரிடமே கேளுங்கள்: எந்த ஊர், எந்தத் தேதி, முழுப் பேச்சு எங்கே? பதில் வராது. ஊரிலிருந்து அப்பாவோ மாமாவோ பதறிப் போய், "உடனே புறப்பட்டு வா" என்று போன் செய்தால் கோபிக்க வேண்டாம். அவர்கள் பார்த்த வீடியோ அப்படி. ஆனால் அந்தப் பதற்றத்தில் தட்கல் டிக்கெட் எடுத்துவிட்டு, மறுநாள் ஒன்றுமில்லை என்று தெரிந்து ரத்து செய்தால், உறுதியான டிக்கெட்டுக்கு ஒரு பைசா திரும்பாது. குடும்பத்தோடு என்றால் ஒரு வாரக் கூலி போய்விடும். முதலில் பக்கத்து வீட்டுக் கன்னடரிடம் கேளுங்கள். பிறகு பேட்டைப் போலீஸ் நிலையத்தில். உண்மையிலேயே ஆபத்து என்றால் 112. வண்டி ஓடுகிறதா என்று அறிய 139. இரவு பகல் எந்நேரமும் அந்த எண்ணில் பதில் கிடைக்கும்.