அம்மா ஏறாத வண்டி

வாரத்தில் ஐந்து நாள் வானொலியில் சாலை நிலவரம் சொல்கிறவன் நான். எங்கே நெரிசல், எங்கே விபத்து, எங்கே மழை என்று வாசித்துவிட்டு, கடைசியில் "உங்கள் பயணம் சுகமாக அமையட்டும்" என்று வாழ்த்திப் பாட்டுப் போடுவேன். அப்படிப்பட்டவனின் வண்டியில் சொந்த அம்மாவே ஏறமாட்டேன் என்று சொன்ன கதைதான் இந்த வாரம். ஃபோர்வீல் வைத்திருப்பவர்களுக்கு இது உதவும். ஃபோர்வீல் வைத்திருப்பவரைக் கட்டிக்கொண்டவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக உதவும்.

என்னுடையது இரண்டாம் கையாக வாங்கிய பழைய பிக்அப். வார நாளில் வேலை, வார இறுதியில் பீடோங்கில் இருக்கும் அம்மா வீடு. மாதம் ஒருமுறை குருணில் திரும்பி, ஜெனியாங் வழியாக சீக் பக்கம் இருக்கும் பெரியப்பாவின் டுரியான் தோட்டத்துக்குப் போவோம். கடைசிச் சில கிலோமீட்டர் செம்மண் சாலை. செம்பனை லோரிகள் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் மண் முதுகு மாதிரி மேடாக நிற்கும். மழைக் காலத்தில் அந்த மேடு வண்டியின் அடிவயிற்றை உரசும். ஒருமுறை நடுவழியில் சிக்கி, டிராக்டர் வைத்து இழுக்க வேண்டியதாயிற்று.

அன்றைக்கே முடிவு செய்தேன், வண்டியைத் தூக்கிவிட வேண்டும். 1997 முதல் நம் நாட்டில் நடந்துவரும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியின் படங்களைப் பார்த்துப் பார்த்து உள்ளுக்குள் இருந்த ஆசையும் சேர்ந்துகொண்டது. ஒரு பட்டறையில் கேட்டேன். "ரெண்டு இன்ச்சு தூக்கினா போதும் பாஸ், அரை நாள் வேலை" என்றார்கள். முன்பக்கம் டார்ஷன் பார் போல்ட்டை முறுக்கினார்கள். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்து, நீளமான ஷேக்கல் போட்டார்கள். பெரிய டயரும் மாட்டியாயிற்று. சாயங்காலம் வண்டி நெஞ்சை நிமிர்த்தி நின்றது. நானும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

மண் மேடு உரசல் நின்றது. தார் ரோட்டில்தான் தொல்லை ஆரம்பித்தது.

அம்மாவுக்கு இடுப்பு வலி. பால்மரம் சீவி, வாளி தூக்கிய பல ஆண்டு உழைப்பின் வலி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுங்கைப்பட்டாணி அமான்ஜெயாவில் இருக்கும் சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையில் பயிற்சிச் சிகிச்சை. அம்மா வண்டியில் ஏறினால் வாய் ஓயாது. அண்டை வீட்டுக் கல்யாணத்தில் தொடங்கி அரிசி விலை வரைக்கும் போகும். வண்டியைத் தூக்கிய பிறகு, ஒவ்வொரு வேகத்தடையிலும் பேச்சு பட்டென்று நின்றது. கதவுக்கு மேலே இருக்கும் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூன்றாவது முறை அழைத்துப் போக வந்தபோது, செருப்பு மாட்டியபடியே சொன்னார்:

"நீ போய்யா. பக்கத்து வீட்டுப் பிள்ளை கஞ்சில்ல கொண்டு விடுறேன்னு சொல்லியிருக்கு. உன் வண்டியில வந்தா சிகிச்சைக்குப் போற வழியிலேயே இன்னொரு சிகிச்சை வேணும் போல."

எதிரே நின்ற அந்தச் சின்னக் கஞ்சிலைப் பார்த்தேன். என் வண்டியின் டயருக்குப் பக்கத்தில் அது பொம்மை மாதிரி இருந்தது. அம்மா அதில்தான் ஏறினார்.

ரோஷத்தில் நான் செய்த முதல் காரியம், விலை உயர்ந்த அப்சோர்பர் நான்கு வாங்கி மாட்டியது. பணம் போனது, அடி போகவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் கூடிவிட்டது. காரணம் பிறகுதான் புரிந்தது. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் அப்சோர்பரின் வேலை. நான் வாங்கியதோ, பின்னால் எப்போதும் பாரம் ஏற்றி ஓடும் வண்டிகளுக்கான இறுக்கமான ரகம். என் வண்டியின் பின்பெட்டியில் பெரும்பாலும் ஒரு குடையும் ஒரு பழைய சாக்கும்தான் இருக்கும்.

கடைசியில் பீடோங்கில் ஒரு மாமாவிடம் போனேன். ஒரு காலத்தில் ஹார்வர்ட் தோட்டத்துப் பட்டறையில் டிராக்டரும் துரையின் லேண்ட் ரோவரும் பார்த்தவர். இப்போது வீட்டுக்குப் பின்னால் சின்னக் கொட்டகையில் வேலை செய்கிறார். வண்டியை ஓட்டிப் பார்க்கக்கூட இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சத்தம் எப்ப வருது தம்பி? மேட்டுல ஏறும்போதா, எறங்கும்போதா?"

கேட்பதுதான் என் தொழில். ஆனால் இதை நான் கவனித்ததே இல்லை. அவருடைய சந்தில் இருந்த வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஏறும்போது சத்தமில்லை. தாண்டி இறங்கும்போதுதான் முன்னால் 'டக்' என்று இரும்பு அடித்தது.

மாமா ஜாக்கியைச் சேசிக்குக் கீழே வைத்து முன்பக்கத்தை மெல்லத் தூக்கினார். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்துகொண்டே வந்தார். இரண்டு சென்டிமீட்டர்தான் கீழே இறங்கியது. அதற்குள் மேல் கை ரப்பரில் போய் முட்டி நின்றுவிட்டது.

"பாரு. சக்கரம் தொங்குறதுக்கே இடமில்ல. அப்புறம் குழியில எப்படி எறங்கும்? பால் வாளியோட சரிவுல எறங்குறவங்க முழங்காலை நேரா வச்சுக்கிட்டா எறங்குவாங்க? உங்க அம்மாவைக் கேளு."

பிரச்சினை மொத்தமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. சக்கரத்துக்கு இரண்டு வேலை. மேடு வந்தால் மேலே போக வேண்டும், குழி வந்தால் கீழே போக வேண்டும். கம்பெனியில் செய்யும்போது இரண்டுக்கும் இடம் வைத்துத்தான் செய்கிறார்கள். டார்ஷன் பாரை முறுக்கினால் அந்தக் கம்பி கெட்டியாகிவிடுகிறது என்று பலர் நினைக்கிறோம். அதன் கெட்டித்தனம் அப்படியேதான் இருக்கும். வண்டி மட்டும் மேலே போகும். சக்கரம் கீழே இறங்க வைத்திருந்த இடத்தை எடுத்துத்தான் அந்த உயரம் கிடைக்கிறது. ஐந்து சென்டிமீட்டர் தூக்கினேன் என்றால், ஐந்து சென்டிமீட்டர் இறங்கும் இடத்தைச் செலவழித்திருக்கிறேன். மீதி இருந்த இரண்டில்தான் அம்மாவின் இடுப்பு சுங்கைப்பட்டாணி வரை போய்வந்தது.

கரடுமுரடான பாதைக்குக் கெட்டியான வண்டிதான் வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. 1948இல் வெளிவந்த முதல் லேண்ட் ரோவர் நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங்கோடு வந்தது. உறுதியானது, ஆனால் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும் அதன் அருமை. "துரைக்கு முதுகு வலின்னா அன்னைக்கு எங்களுக்கும் ஏச்சு விழும்" என்று மாமா சிரிக்கிறார். அதே நிறுவனம் 1970இல் ரேஞ்ச் ரோவரில் சுருள் ஸ்பிரிங் வைத்து, சக்கரம் மேலும் கீழும் நீண்ட தூரம் போய்வர வழி செய்தது. அந்த வண்டி தார் ரோட்டிலும் சுகமாக ஓடியது, சேற்றிலும் நன்றாக ஏறியது. சக்கரம் இறங்கி மண்ணைத் தொட்டால்தானே பிடிப்பு கிடைக்கும்? 1983இல் லேண்ட் ரோவரும் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியது. காட்டுக்கும் ரோட்டுக்கும் வேண்டியது ஒன்றேதான்: சக்கரம் போய்வர இடம்.

இனி மாமா செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். செலவில்லாததில் தொடங்கிச் செலவானதில் முடித்தார். அந்த வரிசையே ஒரு பாடம்.

முதலில் டயர் காற்று. நான் 40 பிஎஸ்ஐ வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். வெறும் வண்டிக்கு அது அதிகம் என்றார். கதவு விளிம்பில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவுதான் தொடக்கம். டயர் அளவையோ ரகத்தையோ மாற்றியிருந்தால் அந்த எண் அப்படியே பொருந்தாது. தடித்த பக்கச்சுவர் உள்ள 'எல்டி' டயருக்கு அதே எடையைத் தாங்கக் கொஞ்சம் கூடுதல் காற்று வேண்டும். டயர் கடையில் கேட்டு வையுங்கள். ஓடாமல் ஆறியிருக்கும் டயரில் அளக்க வேண்டும். மண் ரோட்டுக்காகக் காற்றைக் குறைத்தால், தார் ரோட்டில் ஏறும் முன் திரும்ப அடித்துவிட வேண்டும்.

அடுத்து டார்ஷன் பார். முறுக்கியதில் மூன்று சென்டிமீட்டரைத் திருப்பி இறக்கினார். இப்போது சக்கரம் இறங்க ஐந்து சென்டிமீட்டர் கிடைத்தது. 'டக்' சத்தம் அன்றைக்கே போய்விட்டது.

மூன்றாவது, பின்பக்கம். சேர்த்திருந்த பட்டையைக் கழற்றினார். தினமும் சிமெண்டோ உரமோ ஏற்றுகிறவருக்கு அந்தப் பட்டை வேண்டும். எனக்கு எதற்கு? மற்றப் பட்டைகளுக்கு நடுவில் துரு பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பிரித்து, தேய்த்துச் சுத்தம் செய்து, முனைகளில் நைலான் துண்டு வைத்துக் கட்டினார். பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால்தான் அது ஸ்பிரிங். ஒட்டிக்கொண்டால் வெறும் இரும்புக் கட்டை.

நான்காவதுதான் எனக்கு வியப்பு. புஷ் ரப்பர் போல்ட்டுகளை எல்லாம் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, நான்கு சக்கரத்திலும் எடை நிற்கும்போது திரும்ப முடுக்கினார். சக்கரம் தொங்கும்போது முடுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும். சவாரியும் கெடும், ரப்பரும் சீக்கிரம் கிழியும்.

கடைசியில்தான் அப்சோர்பர். வண்டி நிற்கும் உயரத்தில் அதன் தண்டு ஏறக்குறைய நடுவில் இருக்க வேண்டும். என்னுடையது முன்னால் சரியாக வந்தது. பின்னால் மட்டும் லேசான ரகத்துக்கு மாற்றினோம்.

புதிய வண்டி வைத்திருப்பவர்கள், "எங்களுடையதில் டார்ஷன் பாரே இல்லையே" என்று கேட்கலாம். 2005 வாக்கில் வந்த ஹைலக்ஸ் விகோ, ட்ரைட்டன் முதல் பெரும்பாலான பிக்அப்களுக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங்தான். அங்கும் கணக்கு இதேதான். ஸ்பிரிங்கை அழுத்தி வைக்கும் ஸ்பேசர் போட்டால், இறங்கும் இடம்தான் குறையும். உயரமான ஸ்பிரிங் வாங்கும்போது, அது எவ்வளவு கூடுதல் எடைக்காகச் செய்யப்பட்டது என்று கட்டாயம் கேளுங்கள். முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும் மாட்டிய வண்டிக்கான ஸ்பிரிங்கை ஒன்றும் மாட்டாத வண்டியில் போட்டால், அது உங்கள் முதுகைத்தான் தேடி வரும்.

இன்னும் இரண்டு விஷயம். உயரம் மாறினால் சக்கரத்தின் கோணமும் மாறும். அலைன்மெண்ட் பார்த்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் டயர் ஒருபக்கமாகத் தேயும். பிரேக் குழாய் இழுபடுகிறதா, முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறதா என்றும் பாருங்கள். உயரமான வண்டி வளைவில் சீக்கிரம் சாயும் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டாவது, சட்டம். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு முன்பு சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயிடம் எது அனுமதிக்கப்படும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். நான் இரண்டையும் பிறகுதான் செய்தேன். முதலில் செய்திருந்தால் பட்டறைக்காரரிடம் இன்னும் நல்ல கேள்விகள் கேட்டிருப்பேன்.

எல்லாம் முடிந்து மறுநாள் பெரியப்பா தோட்டத்துக்குத் தனியாகப் போய்ப் பார்த்தேன். நடுமேடு ஓர் இடத்தில் லேசாக உரசியது. ஒரு சக்கரத்தை மேட்டிலேயே ஏற்றி ஓட்டினால் அதுவும் இல்லை. பள்ளத்தில் முன்பு அந்தரத்தில் சுழன்ற சக்கரம், இப்போது இறங்கி மண்ணைப் பிடித்தது.

அடுத்த வாரம் மருத்துவமனை நாள். வாசலில் வண்டியை நிறுத்தி, அம்மா ஏற வசதியாகச் சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து போட்டேன். அம்மா டயரைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஏறினார். இரண்டு கையும் மேல்பிடிக்குப் போயின.

முதல் வேகத்தடை வந்தது. வண்டி ஏறி இறங்கியது. அம்மா ஒரு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாவது வந்தபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கும் கதை பாதியில் இருந்தது. மேட்டைத் தாண்டினோம். கதை நிற்கவில்லை.

மருத்துவமனை வாசலில் இறங்கும்போது மட்டும் சொன்னார்: "அந்த முக்காலியை வண்டியிலேயே வச்சிரு. வீட்டுக்கு வேற வாங்கிக்கலாம்."

இப்போது அது பின்பெட்டியில், குடைக்கும் சாக்குக்கும் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் சந்திப்போம். உங்கள் பயணம் சுகமாக அமையட்டும்.