திமிங்கலம் பார்க்கக் கரையே போதும்

ரெயூனியன் தீவில் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த புதுச்சேரிக் குடும்பங்கள் நம்மில் நிறைய. ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் அங்கே போகும் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் திமிங்கலம் பார்க்கப் படகுச் சீட்டு வாங்கி வைத்துவிடுகிறார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்பதே என் கட்சி. நம் வயதுக்குக் கரைதான் சரி. அந்தப் பிராணிக்கும் அதுதான் நல்லது.

எங்களுக்கும் மாப்பிள்ளை பதிவு செய்யத்தான் இருந்தார். என் மனைவிக்கு இடுப்பு வலி. அலையில் படகு ஒருமுறை தூக்கிப் போட்டால் பத்து நாள் படுக்கை.

"அத்தை வீட்டிலே இருக்கட்டும் மாமா, நீங்க மட்டும் வாங்க" என்றார்.

"நாற்பத்தாறு வருஷம் கூடவே வந்தவளை விட்டுட்டு நான் மட்டும் என்னத்தைப் பார்க்கிறது? கரையோரமா எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போங்க" என்றேன்.

அப்படிப் போனதுதான் காப் லா ஊசே. தீவின் மேற்குக் கரையில், சேன் போல் ஊரைத் தாண்டி வரும் முனை. எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல் பாறை, அதிக உயரமில்லாத செங்குத்துக் கரை, அதன்மேல் காய்ந்த புல்வெளி. புல்லுக்கும் கடலுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதை. பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. கல் மட்டும் பார்த்து மிதிக்க வேண்டும். நம் பீச் ரோட்டில் மாலை வண்டிகளை நிறுத்திய பிறகு ஒரு நடை போய்வருகிறவர்களுக்கு இது பெரிய காரியமே இல்லை. கட்டணமும் கிடையாது.

அங்கே வருவது கூன்முதுகுத் திமிங்கலம். தென்துருவக் கடலில் தின்று கொழுத்துவிட்டு, குட்டி போடவும் இணை சேரவும் வெதுவெதுப்பான தண்ணீரைத் தேடி வருகிறது. தீவு எரிமலையின் உச்சி என்பதால் கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினாலே ஆழம். மேற்குப் பக்கம் காற்றும் குறைவு. குட்டியோடு இருக்கும் தாய்கள் அதனால் கரைக்கு அருகிலேயே ஒதுங்கி நிற்கின்றன. பெரியது பத்துப் பதினைந்து நிமிடம் உள்ளேயே இருக்கும். குட்டிக்கு அவ்வளவு தம் கிடையாது, அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். ஆகவே சின்ன மூச்சு எங்கே புகைபோல் எழும்புகிறதோ அங்கேயே கண்ணை வையுங்கள். தாய் கீழேதான் இருப்பாள். என் மனைவி இதை என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரன் பேத்திகளை வளர்த்த கண்!

இந்த மாதங்களில் தாய் அனேகமாக எதுவும் தின்பதில்லை. உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான், பிறக்கும்போதே ஒரு டன் அளவுக்கு இருக்கும் குட்டிக்குப் பால் கொடுக்கிறாள். எஞ்சின் சத்தத்துக்கு விலகி விலகிப் போனால் கரைவது அந்தக் கையிருப்புத்தான். 100 மீட்டருக்குள் படகு நெருங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. விதியை மதிக்கும் படகோட்டிகளும் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளைபெற்ற வீட்டில் நூறு பேர் முறைவைத்து எட்டிப்பார்ப்பது எதற்கு?

இன்னொரு விஷயம். நிலப் பதிவேடுகளோடு முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டியவனுக்கு அதுதான் அதிகம் உறைத்தது. பிரெஞ்சு ராஜா காலத்தில் கடலோரமாக ஐம்பது தப்படி அகலத்தை அரசே வைத்துக்கொண்டது. கணக்கில் 81.20 மீட்டர். 'சேன்கான்த் பா' என்று இன்றும் அதே பெயர். கோட்டை கொத்தளத் தேவைக்காக வைத்தது. 1986-ஆம் வருஷத்துக் கடற்கரைச் சட்டம் அதை மறுபடி பொதுச் சொத்தில் சேர்த்தது. தீவில் பல இடத்தில் அந்த ஐம்பது தப்படியிலும் வீடு முளைத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் பத்திரத்தில் அந்தக் கோடு இருக்கிற வரையில், என்னைப் போன்றவன் யாரையும் கேட்காமல் கடல் பார்த்து நடக்க ஒரு வழி மிஞ்சுகிறது.

நம்மிடமும் 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை விதி இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மதில் சுவர் மறிக்காமல் மணலில் கால் வைக்க எத்தனை இடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நமக்குத் திமிங்கலம் வேண்டாம். விடிகாலையில் கட்டுமரம் திரும்புவதைப் பார்க்கவாவது, கிழவன் கிழவி நடக்க மூன்றடிப் பாதையும் நடுவில் உட்கார நாலு திண்ணையும் கேட்டு நாம் மனுக் கொடுக்கலாம். எழுதித் தர நான் தயார்.

இந்த வருஷம் தீவுக்குப் போகிறவர்களுக்கு: காலையில் போங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், கடலும் கூசாது. நிழல் குறைவு, தொப்பி, தண்ணீர், வழுக்காத செருப்பு, பேரனிடம் கடன் வாங்கிய தொலைநோக்கி. பாறை விளிம்புக்குப் போகவே வேண்டாம். ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். முதல் இருபது நிமிடம் எதுவும் தெரியாமல் போனால் எழுந்துவிடாதீர்கள்.