உலக மேசையும் பாலாற்றங்கரையும்

2023 செப்டம்பர் 9, 10 ஆகிய நாள்களில் புதுதில்லியில் ஜி-20 உச்சி மாநாடு நடந்தது. நம் நாடு தலைமையேற்ற அம்மாநாட்டில், 55 நாடுகள் அடங்கிய ஆப்பிரிக்க ஒன்றியம் நிரந்தர உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டது. அதுவரை அக்கண்டத்திலிருந்து தென்னாப்பிரிக்கா மட்டுமே அங்கு உறுப்பினராக இருந்தது. பணக்கார நாடுகள் மட்டுமே உலகத்திற்காக முடிவெடுக்கும் வழக்கம் மாற வேண்டும் என்று இந்தியா வாதாடியது நமக்கு மகிழ்ச்சியே. ஏழை நாடுகளுக்கும் பொது முடிவுகளில் பயனுள்ள குரல் வேண்டும் என்று திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், 2009-இல் தம் ‘உண்மையில் அன்பு’ சுற்றுமடலில் கேட்டிருந்தார்.

ஆனால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதியில் வாழும் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. உலகின் ஏழை நாடுகளுக்காகப் பேசும் நம் நாட்டில், பாலாற்றங்கரை ஏழையின் குரல் எங்கே கேட்கப்படுகிறது?

உலக விதிகள் நமக்குத் தொலைவானவை அல்ல. தோலைப் பாதுகாக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபினால் என்னும் வேதிப்பொருளை 1989-இல் ஜெர்மனி தடைசெய்தது. சில ஆண்டுகளில் குறிப்பிட்ட அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. நம் தோல் ஷாப்புகள் அவசர அவசரமாக மாறிக்கொண்டன. அங்கே செருப்பு அணிபவரின் பாதத்தைக் காக்க வந்த சட்டம் அது. இங்கே தொட்டியில் இறங்கி நின்றவரின் கால்களைப் பற்றி அதற்கு முன் யாரும் இவ்வளவு அவசரப்படவில்லை.

1992-இல் ரியோ டி ஜெனிரோவில் கூடிய ஐ.நா. மாநாடு, முன்னெச்சரிக்கையோடு நடக்க வேண்டும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைகளை அறிவித்தது. அவற்றை இந்தியச் சட்டத்தின் பகுதியென உச்ச நீதிமன்றம் ஏற்றது நம் பாலாற்று வழக்கில்தான். வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த அவ்வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ பாழானதை அத்தீர்ப்பு பதிவுசெய்தது. இன்றும் சட்ட மாணவர்கள் நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் இக்கொள்கைகளைப் படிக்கிறார்கள். பெருமைதான், கிணற்றுத் தண்ணீர் மட்டும் மாறவில்லை.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மீண்டும் 2025 ஜனவரி 30 அன்று, பாலாறு மாசு குறித்து உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு வழங்கியது. விடுபட்டவர்களுக்கு இழப்பீடு தரவும், அதை மாசுபடுத்தியவர்களிடமே வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள்! ஒரு தலைமுறையே கடந்துவிட்டது.

தோல் தொழிலே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. நம் பங்குகளின் எத்தனையோ குடும்பங்களுக்கு ஷூ கம்பெனிச் சம்பளமே சோறு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, ஆம்பூரில் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருந்த பெண்களுக்கும் வேலை நிலைக்குமா என்ற கவலை வந்தது. உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வோ, புதிய உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா இசையாததால் 2019 டிசம்பரிலேயே முடங்கிவிட்டது. எளியவருக்கு நியாயமான விதிகளும் அவற்றை நிலைநாட்டும் மன்றங்களும் எவ்வளவு தேவை என்பதை அது காட்டியது. அதனால்தான் உலக அரங்கில் இந்தியாவின் குரல் வலுப்பெறுவதை நாம் விரும்புகிறோம். அதே நியாயத்தைத்தான் உள்ளூரிலும் கேட்கிறோம்.

செல்வர், இலாசர் உவமையில் இலாசர் கிடந்தது தொலைதூர நாட்டில் அன்று, செல்வருடைய வாயிலருகே. நம் வாயிலருகே, நிலமிழந்து தோல் ஷாப்புக்கே கூலியாகப் போன சிறு விவசாயி இருக்கிறார். இழப்பீடு தமக்கு உண்டா, எங்கே மனு கொடுப்பது என்பதுகூடத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். அன்பியக் கூட்டங்களில் வீடு வீடாக இதைக் கேட்டு எழுதி, பங்குப் பேரவை வழியாக மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கலாம். பட்டியலில் பிற சமயத்தவரின் பெயர்களும் சேரட்டும். எல்லாரும் குடிப்பது ஒரே ஆற்றின் தண்ணீரைத்தானே.