அளப்பதற்கு முன் ஒரு கேள்வி

டில்லி புசா ரோட்டுக்குப் பெயர் தந்த வளாகத்தில் வேளாண்மைப் புள்ளியியல் ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. விளைச்சலைக் கண்ணால் மதிப்பிடாமல், வாய்ப்பு முறையில் தேர்ந்த சிறு பகுதிகளில் அறுத்து எடையிட்டுக் கணிக்கும் முறையை 1940களில் டாக்டர் சுகாத்மே நாட்டில் பரப்பினார். எல்லா வயல்களும் அளக்கப்படவில்லை. தேர்ந்தவை செவ்வனே அளக்கப்பட்டன.

கணினியின் நலத்தை அளப்பதற்கும் இம்முறையே தக்கது. 2005இல் புளோரியன் ஃபோர்ஸ்டர் தொடங்கிய 'கலெக்ட்-டி', பின்னணியில் ஓயாது இயங்கிப் புள்ளிவிவரம் திரட்டும் நிரலாகும். செயலியின் பளு, நினைவகம், வட்டில் எஞ்சிய இடம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு செருகுநிரல் உண்டு. அமைப்புக் கோப்பில் 'லோட்பிளகின்' என்று ஒரு வரி எழுதினால் அது இயங்கும். இவ்வெளிமையே தீங்காகிறது, நூற்றுக்கு மேற்பட்டவற்றுள் கண்டதையெல்லாம் இயக்கிவிடுகின்றனர். இயல்பான இடைவெளி 10 விநாடி. ஓர் அளவுக்கு நாளொன்றில் 8,640 பதிவுகள்! பள்ளியின் பழைய கணினி எழுதுவதிலேயே களைத்துவிடும். சி.எஸ்.வி. கோப்புகளோ வளர்ந்துகொண்டே போகும். வட்டு நிரம்புவதைக் காக்க வந்த நிரலே வட்டை நிரப்புவது வேடிக்கைதான்.

இடைவெளியையும் முதலிலேயே தீர்மானித்தல் அவசியம். ஆர்.ஆர்.டி. கோப்புகள் அவ்விடைவெளிக்கென்றே உருவாவதால், பின்னர் மாற்றினால் பழையவற்றை அழிக்க நேரும். சேர்த்த வரலாறும் அவற்றோடு போகும். மழைமானியை நாள்தோறும் காலை 8.30 மணிக்கே பார்க்கும் களப்பணியாளருக்கு இதன் காரணம் சொல்லாமலே விளங்கும்.

வட்டு எப்போது நிரம்பும் என்பது மட்டுமே ஆசிரியரின் கேள்வியானால், 'டி.எஃப்.' செருகுநிரல் ஒன்றும், பதிவை எழுதும் செருகுநிரல் ஒன்றும் போதும். இடைவெளி 300 விநாடியாக இருக்கலாம்.