கோமாளி வேறு, பினாமி வேறு

தேர்தல் வந்துவிட்டால், வெற்றியை நாடாத அபேட்சகர் சிலரும் களத்தில் இறங்குவது உலக வழக்கம். அவர்களது வாக்குறுதிகளைக் கேட்டு நாடு இரண்டு நாள் சிரிக்கும். மூன்றாம் நாள் மறந்துவிடும். “கட்டுப்பணத்தைப் பன்மடங்கு உயர்த்தினால் இத்தொல்லை ஒழியும்” என்று படித்தவர்கள் பலர் யோசனை கூறுகின்றனர். சப்ரகமுவத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களின் நிலையில் நின்று இந்த யோசனையை ஆராய்வது எமது கடமையாகும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1982ஆம் ஆண்டின் முதலாவது ஜனாதிபதித் தேர்தலில் 6 பேர் போட்டியிட்டனர். 2019இல் 35 பேர். 2024இல் 39 பெயர்களைத் தாங்கிய வாக்குச்சீட்டு 27 அங்குல நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. ஆனால் வாக்குகளை எண்ணியபோது நடந்தது என்ன? முதல் மூவரே நூற்றுக்கு 92க்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றனர். நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 300,300. ஐந்தாம் இடத்திலிருந்து கடைசி இடம் வரை நின்ற எவருக்கும் இத்தனை வாக்குகள் கிடைக்கவில்லை! அப்படியாயின் இவர்கள் அனைவரும் கோமாளிகளா? இல்லை. நல்ல கோமாளியை நாம் அவமதிக்கலாகாது.

கூத்து மேடையில் ராஜாவின் முகத்துக்கு நேரே உண்மை பேசும் உரிமை கோமாளிக்கு மட்டுமே உண்டு. தேர்தல் மேடையிலும் அத்தகையோர் தோன்றியுள்ளனர். 1963இல் பிரித்தானியாவில் டேவிட் சச் என்ற பாடகர் இடைத்தேர்தல் ஒன்றில் வேடிக்கை அபேட்சகராக நின்று, 18 வயதினருக்கு வாக்குரிமை வேண்டுமென்றார். ஊர் சிரித்தது, அவர் தோற்றார். ஆனால் 1969இல் அந்நாட்டுப் பாராளுமன்றமே அதைச் சட்டமாக்கிற்று. 1996இல் தமிழ்நாட்டின் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர், தங்கள் குறைகளை ஆட்சியாளர் செவிமடுக்கவில்லை என்பதைக் காட்டுவதற்காக விவசாயிகள் சங்கம் திரட்டி நிறுத்தியவர்களே. வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட நேர்ந்தது, வாக்கெடுப்பும் பின்தள்ளப்பட்டது. மேட்டூரைச் சேர்ந்த பத்மராஜன், டயர் பழுதுபார்க்கும் கடை நடத்துபவர், 1988 முதல் இருநூறுக்கும் மேற்பட்ட தேர்தல்களில் நின்று தோற்றிருக்கிறார். சாதாரண மனிதனும் போட்டியிடலாம் என்பதே அவரது கொள்கை. இவர்கள் யாவரும் தம் பெயரில், தம் கருத்துக்காக நின்றவர்கள். இவர்களே உண்மைக் கோமாளிகள்.

எமது நாட்டில் நிலைமை வேறு. இலங்கை அரசியலமைப்பின் 31ஆம் உறுப்புரையின்படி, அங்கீகரிக்கப்பட்ட கட்சி நியமிக்காத ஒருவர் ஜனாதிபதி பதவிக்கு நிற்க வேண்டுமாயின், அவர் சட்டசபைக்குத் தெரிவானவராக, அன்றேல் முன்னர் தெரிவாகியிருந்தவராக இருத்தல் வேண்டும். றப்பர் பால் வெட்டும் தொழிலாளியோ, நெல் விதைக்கும் கமக்காரனோ வேடிக்கைக்குக்கூட அங்கே சுயேட்சையாக நிற்க முடியாது. எனவே அந்த நீண்ட சீட்டில் நாம் காணும் சுயேட்சைகள் அரசியலின் நெளிவு சுளிவுகளை அறிந்த முன்னாள், இந்நாள் உறுப்பினர்களே.

இவர்களுள் உண்மையான கொள்கையோடு நிற்பவரும் உண்டு. ஆனால் இன்னொருவருக்காக நிற்கும் பினாமிகளும் உண்டு என்பதைத் தேர்தல் கண்காணிப்பு அமைப்புகள் பலமுறை சுட்டிக்காட்டியுள்ளன. பினாமிக்கு என்ன பயன்? அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் அரச வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இலவச நேரம் உண்டு. வாக்கெண்ணும் நிலையத்துக்கு முகவர்களை அனுப்பும் உரிமை உண்டு. தன் பெயரில் பெற்ற இவ்வசதிகளை இன்னொருவரின் தேவைக்கு ஒப்படைப்பதே பினாமியின் தொழில். கோமாளி ராஜாவைக் கேலி செய்கிறான்; பினாமியோ ராஜாவின் பல்லக்கைத் தூக்குகிறான்.

கட்டுப்பணத்தை உயர்த்தினால் இந்தப் பல்லக்குத் தூக்கிகள் ஓடிவிடுவார்களா? கட்சி அபேட்சகருக்கு 50,000 ரூபா, சுயேட்சைக்கு 75,000 ரூபா என்றிருந்த கட்டுப்பணத்தை முறையே 26 இலட்சமாகவும் 31 இலட்சமாகவும் உயர்த்தும் யோசனை 2024 தேர்தலுக்கு முன் எழுந்தது, அத்தேர்தலுக்குள் சட்டமாகவில்லை. எசமானனின் பணத்தில் நிற்பவனுக்கு 31 இலட்சமும் ஒரு பொருட்டன்று. தன் பணத்தில் நிற்பவனே விலக நேரும். மொடக்குறிச்சிக்குப் பின் இந்தியாவும் சட்டமன்றத் தேர்தலின் கட்டுப்பணத்தை 250 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தியது. கூட்டம் குறைந்தது, விவசாயியின் குறை அதனால் குறைந்ததா?

மருந்து வேறிடத்தில் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டம், முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வரவுசெலவு விபரத்தைச் சமர்ப்பிக்குமாறு அபேட்சகர்களைப் பணிக்கிறது. பணம் எவரிடமிருந்து வந்தது என்பதை அதிகாரிகள் துருவி ஆராய்ந்தால், பினாமியின் முகமூடி தானே கழன்று விழும்.

வாக்குரிமையின் வாசலில் புதிய பூட்டுப் போடுவதை நாம் எதிர்ப்பதற்குத் தக்க காரணமும் உண்டு. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் 1949இன் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் தோட்ட மக்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டனர். அதை எதிர்த்த பெரும் வழக்கு எழுந்தது எங்கே? இதே கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைத் தொகுதியில். கோடகன்பிள்ளை என்பார் தம் பெயரை இடாப்பில் சேர்க்கக் கோரிய அவ்வழக்கு இங்கிலாந்தின் கோமறைக் கழகம் வரை சென்று, 1953இல் தோல்வியில் முடிந்தது. நாடற்றவராக நின்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்க 1988இலும் 2003இலும் சட்டங்கள் வரும் வரை எத்தனை தலைமுறைகள் காத்திருந்தன! அத்தனை அருமையாய்க் கிடைத்த வாக்கு இது.

ஆகவே பாராளுமன்றத் தேர்தலில் எமது மக்கள் மிகுந்த விழிப்புடன் இருத்தல் வேண்டும். இரத்தினபுரிக்கு 11 ஆசனம், கேகாலைக்கு 9 ஆசனம் என்பது 2024இன் கணக்கு. சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிதறிக்கிடக்கும் தோட்ட வாக்குகள் ஒன்று சேர்ந்தாலன்றி எடைபெறா. மாவட்டத்தில் இருபதில் ஒரு பங்கு வாக்கையேனும் பெறாத பட்டியல் ஆசனப் பங்கீட்டுக்கு முன்னரே கழிக்கப்படும். தமிழ்ப் பெயர் ஒன்றிரண்டைச் சேர்த்துத் திடீரென முளைக்கும் சுயேட்சைக் குழுவுக்குப் போடும் வாக்கு, பெரும்பாலும் அந்தக் குப்பைக் கூடையிலேயே விழும்.

தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் வாக்குக் கேட்டு வருவோரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உமது செலவுக்குப் பணம் தருபவர் யார்? உமது வாக்குறுதியை எந்தச் சட்டத்தால், எந்தப் பணத்தால் நிறைவேற்றுவீர்? தேர்தலுக்கு மறுநாள் உம்மை எங்கே காணலாம்?

வேடிக்கை அபேட்சகரிடம் மட்டுமன்று, பெரிய கட்சிகளிடமும் இவற்றைக் கேளுங்கள். நாட்சம்பளம் 1,000 ரூபா என்ற வாக்குறுதி 2019 ஜனாதிபதித் தேர்தலில் மேடையேறியது. வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். நிலாவைக் கொண்டுவந்து தருவேன் என்பவனைக் கண்டு சிரிக்கிறோம். கொடுக்கக் கூடியதைச் சொல்லிவிட்டுக் காலம் கடத்துபவனுக்கோ மாலை போடுகிறோம். இருவரில் எவன் எம்மை அதிகம் ஏமாற்றினான்?

கோமாளி மேடையில் நிற்கட்டும். அவன் சொல்லில் உண்மை இருந்தால் கேட்போம். பினாமியை அடையாளம் கண்டு ஒதுக்குவோம். எழுபது ஆண்டுகளுக்கு முன் ருவான்வெல்லையில் ஒருவர் வழக்காடியும் பெற முடியாத வாக்கு இன்று எம் கையில் இருக்கிறது. அதை எவனுடைய விளையாட்டுக்கும் விட்டுக்கொடோம்.