ஓய்ந்த விமானத்தின் மானிகள்

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் செம்பூர் அன்பர் ஒருவர் நம் இல்லம் தேடி வந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். துணிப்பையிலிருந்து வட்டமான கருவியொன்றை எடுத்து மேசைமீது வைத்தார். கறுத்த முகம், பழுப்பேறிய மஞ்சள் எண்கள், மூன்று முட்கள். கண்ணாடியில் மெல்லிய கீறல்.

"பழைய விமானத்தின் உயரமானி, ஐயா. சோர் பஜாரில், மட்டன் தெருவில் வாங்கினேன். அப்பா வைத்துவிட்டுப் போன பிரீமியர் பத்மினியின் டாஷ்போர்டில் பொருத்த ஆசை. கண்ணாடியைக் கழற்றி, எண்களைச் சுரண்டி, புதிதாக வண்ணம் பூசித் தருவதாகத் தாராவியில் ஒரு பையன் ஒப்புக்கொண்டிருக்கிறான். பொருத்தினால் வேலை செய்யுமா?" என்று வினவினார்.

வேலை செய்யுமா என்பது ஒரு கேள்வி. பொருத்தலாமா என்பது அதனினும் பெரிய கேள்வி. இரண்டும் நம் இளைஞர் பலருக்கும் பயன்படுமாதலால், இம்மாதம் அவற்றையே எடுத்துக்கொண்டோம்.

பழைய மோட்டார் வண்டியைப் பிரித்து, வேண்டாத பாரத்தைக் களைந்து, வலிமை மிக்க எஞ்சினை ஏற்றி, தம் விருப்பப்படி புதுக்கி ஓட்டுவது அமெரிக்க இளைஞர்களின் வழக்கம். அவ்வண்டியை 'ஹாட் ராட்' என்பர். 1930-களிலேயே தென் கலிபோர்னியாவின் வறண்ட ஏரித் தரைகளில் இவை பந்தயம் ஓடின. 1945-இல் போர் முடிந்ததும் மிகுதியாய்ப் போன விமான உறுப்புகள் அடிமாட்டு விலைக்கு வந்தன. போரிலிருந்து திரும்பிய பிள்ளைகள் விமான இருக்கையையும், இடைவாரையும், மானிகளையும், ஸ்விட்சுகளையும் வாங்கித் தம் வண்டிகளில் பூட்டிக்கொண்டனர். பில் பர்க் என்பவர் 1946-இல் விமானத்தின் எரிபொருள் தொட்டியையே வண்டிக்கு உடலாக்கிவிட்டார்! காசின்மையால் பிறந்த வழக்கம் நாளடைவில் அலங்காரமாயிற்று.

இது நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1940-இல் பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கிய வால்சந்த் ஹீராசந்த்தான் 1944-இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸையும் தோற்றுவித்தார். அந்நிறுவனத்தின் குர்லாத் தொழிற்சாலையிலே உருவானதே பத்மினி. இன்னும் அண்மைச் செய்தி ஒன்றுண்டு. 1971-ஆம் ஆண்டுப் போரில் வங்கக் கடலில் பணிபுரிந்த விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், 2014-இல் நம் மும்பையின் தாருகானாவில் உடைபடத் தொடங்கியது. அதன் உலோகத்தில் ஒரு பகுதி 2016-இல் பஜாஜ் மோட்டார் சைக்கிளில் மறுபிறவி கண்டது. ஊரில் நாம் காயலான் கடை என்பதை இங்கே பங்கார் என்கிறார்கள். பெயர் எதுவாயினும் பழையதைப் புதியதாக்கும் கையே நம் மக்கள் பலருக்குச் சோறு போட்டது.

இனி, முதற் கேள்விக்கு வருவோம். விமான மானிகளுள் காரில் எளிதாய் இயங்கக்கூடியது உயரமானியே. அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. உள்ளே காற்று நீக்கிய மெல்லிய உலோகப் பெட்டி உண்டு. வெளிக் காற்றின் அழுத்தம் குறையக் குறைய அது விரியும், முள் நகரும். கடலோர மும்பையிலிருந்து மலைப்பாதை ஏறி லோனாவ்லாவை அடைந்தால் முள் ஏறத்தாழ 2,000 அடி காட்டும். மாதுங்காவில் நிறுத்திவைத்த வண்டியிலும் அது சும்மா இராது. மழைக்காலத்தில் காற்றழுத்தம் 10 மில்லிபார் குறைந்தால், வண்டி 270 அடி உயரம் ஏறிவிட்டதாகக் கூறும்! முகப்பிலுள்ள குமிழைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் விமானக் கடிகாரமும் இவ்வாறே தன்னந்தனியாய் இயங்கும்.

பிற மானிகள் அவ்வளவு இணக்கமானவை அல்ல. பல போர்க்கால விமானங்களின் மின்சாரம் 24 வோல்ட். நம் காரிலோ 12. அன்றியும் மின்மானி ஒவ்வொன்றும் எஞ்சினிலுள்ள தன் இணைக் கருவியோடு சேர்ந்தே உண்மை கூறும். ஒன்றை மட்டும் பிரித்துக் கொணர்ந்தால் முள் ஆடும், ஆயின் அது கூறுவது பொய். எண்ணெய் அழுத்தம் வற்றியபோதும் நலமே என்று காட்டும் மானி, மானியே இல்லாத வண்டியினும் கேடானது. விமான வேகமானி எதிர்க்காற்றைக் கொண்டு அளப்பது. ஆகவே வண்டிக்குரிய வேகமானியை அகற்றாமல், விமானக் கருவியைப் பக்கத்தில் வைப்பதே முறை. வண்டியின் அமைப்பை மாற்றுவதிலும் எல்லை உண்டு. தயாரிப்பாளர் அமைத்து, பதிவுச் சான்றில் குறிக்கப்பட்டதற்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்பதை 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

ஸ்விட்சுகளைப் பற்றி நமக்குத் தடையில்லை. நேர்மின்சாரத்துக்கென்றே செய்த உறுதியான பொருள்கள் அவை. அவற்றின்மேல் வரும் சிவப்பு மூடி அலங்காரத்துக்காக ஏற்பட்டதன்று. கை தவறிப் பட்டு இயங்கிவிடாதிருக்க ஏற்பட்டது. எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பார்த்து, ஒவ்வொரு கம்பிக்கும் ஃபியூஸ் வைத்து, முகவிளக்குக்கு ரிலே சேர்த்துப் பூட்டினால் போதும்.

அன்பரின் முகம் மலர்ந்தது. அப்போது நம் பேரன் ஓடிவந்து அக்கருவியின் கீறல்மீது விரல் வைத்தான். அவன் கையை விலக்கிக் கழுவிவரச் சொன்னோம். அன்பர் திகைத்தார். இரண்டாம் கேள்விக்கு விடை அங்கேதான் இருந்தது.

இரவில் விமானிக்குத் தெரிய வேண்டுமென்று, போர்க்காலத்திலும் அதன்பின் சில ஆண்டுகளும் மானிகளின் எண்களுக்கு ரேடியம் கலந்த பூச்சு இடுவது பெருவழக்கு. வண்டிகளின் பின்னே ஒட்டும் பளபளப்பான தாளை நாம் 'ரேடியம் ஸ்டிக்கர்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதில் ரேடியம் இல்லை. ஒளியைத் திருப்பி அனுப்பும் தாள் அது. அப்பெயரின் பழக்கத்தால் உண்மை ரேடியத்தின் அச்சம் நமக்கு அற்றுப்போயிற்று. பழைய மானியில் இருப்பது மெய்யான ரேடியம். "இப்போது ஒளிரவில்லையே, ஐயா?" என்றார் அன்பர். ஒளி தருவது அதனோடு கலந்த துத்தநாகச் சேர்மம். அது சில ஆண்டுகளில் கெட்டுப்போகிறது. ரேடியம் பாதியாகக் குறையவோ 1,600 ஆண்டுகள் வேண்டும். விளக்கு அணைந்தது, அடுப்பு அணையவில்லை.

கண்ணாடி மூடியிருக்கும்வரை பெருந்தீங்கு அடங்கியிருக்கும். திறந்து சுரண்டும்போது எழும் தூசே எமன். மூச்சிலோ சோற்றிலோ கலந்து உட்சென்றால், அது சுண்ணாம்புச் சத்தைப் போல் எலும்பில் போய்த் தங்கிவிடும். 1917 முதல் அமெரிக்காவில் கடிகார முகங்களுக்கு இப்பூச்சிட்ட இளம் பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கினர். தாடை எலும்பு அரித்துப் பலர் மாண்டனர். நம் நாட்டிலும் 2010-இல் தில்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையில், கோபால்ட் அடங்கிய கருவியொன்றை இன்னதென்று அறியாமல் உடைத்தனர். ஒருவர் உயிர் துறந்தார், பலர் நோயுற்றனர். இரண்டிலும் துன்புற்றோருள் கூலிக்கு உழைத்தவர்கள் உண்டு.

தாராவியில் ஒப்புக்கொண்ட அந்தப் பையனை எண்ணிப் பாருங்கள். ஒரே அறையில் அவன் வேலையும், உணவும், உறக்கமும். அவனுக்கு நாம் தரும் கூலி சில நூறு ரூபாய். அதனோடு எதைத் தருகிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்த நாம் சொல்லாமலிருப்பது பாவம் அன்றோ?

ஆகவே அன்பர்களே, மஞ்சளாய்ப் பழுத்த எண்களுள்ள பழைய மானியைத் திறவாதீர்கள், சுரண்டாதீர்கள். குழந்தைகள் இருக்குமிடத்தில் வைக்காதீர்கள், குப்பையிலும் எறியாதீர்கள். கண்ணாலும் முகர்ந்தும் அறிய இயலாது. கதிர்வீச்சை அளக்கும் கருவியே சொல்ல வேண்டும். நமக்கு அது தொலைவிலும் இல்லை. 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் செம்பூரை அடுத்த அணுசக்தி நகரிலேயே இருக்கிறது. அங்கே எழுதிக் கேட்பதில் வெட்கமில்லை. டாஷ்போர்டு அழகுக்கு, ரேடியம் இல்லாத புதிய மானிகளும் அதே வடிவில் கிடைக்கின்றன.

அன்பர் கருவியைப் பிளாஸ்டிக் பையிலிட்டு வாய் கட்டி, தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டார். வாரியத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். வாசலில் செருப்பை மாட்டும் முன்பே கைப்பேசியை எடுத்து, "தம்பி, அந்த வேலை வேண்டாம். அதுபோல் வேறு யார் கொணர்ந்தாலும் திறக்காதே, நேரில் வந்து சொல்கிறேன்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவர் வருகை நமக்கு மகிழ்ச்சி தந்தது.