'போர்ட் ஃபுல்' என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள்!



வீட்டுக்கு இணைய இணைப்பு கேட்டு விண்ணப்பம் போடுகிறீர்கள். அடையாள அட்டை நகல் கொடுக்கிறீர்கள். பிள்ளைகளிடம் "அடுத்த வாரம் வந்துவிடும்" என்றும் சொல்லிவிடுகிறீர்கள். பிறகு பதில் வருகிறது: "உங்கள் இடத்தில் போர்ட் ஃபுல்." எப்போது கிடைக்கும் என்று கேட்டால் பதில் இல்லை. எதிர்வரிசை வீட்டில் இணைப்பு இருக்கிறது, உங்கள் வீட்டில் இல்லை!

ஈப்போ சுற்றுவட்டாரத் தாமான்களிலும், பழைய ரப்பர் தோட்டங்களை விட்டு வந்த நம் மக்கள் குடியேறிய பகுதிகளிலும் இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு 'நம் தலையெழுத்து' என்று பேசாமல் இருந்துவிடும் குடும்பங்கள் பல. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், 'போர்ட் ஃபுல்' என்றால் என்ன?

தொலைபேசி நிலையத்திலிருந்து கண்ணாடி இழைக் கேபிள் வருகிறது. அதன் ஒரே ஓர் இழையை ஒளிப் பிரிப்பான் மூலம் பல வீடுகளுக்குப் பங்கிடலாம். உங்கள் தெருக் கம்பத்தில் தொங்கும் சிறிய பெட்டியில்தான் வீட்டு இணைப்புகளைச் செருகுகிறார்கள். பெட்டியில் எட்டு துளைகள் இருந்தால் எட்டு வீட்டுக்குத்தான் இணைப்பு. ஒன்பதாவது வீடு கேட்டால் 'ஃபுல்'. சில நேரம் வீடு மாறிப் போனவரின் பழைய இணைப்பே அந்தத் துளையை அடைத்துக்கொண்டிருக்கும்.

ஆக, இது மழை வெள்ளம் போல் இயற்கை செய்தது அல்ல. இன்னொரு பெட்டி மாட்டினால், இன்னொரு இழை இழுத்தால் தீரும் விஷயம். அதற்குப் பணம் செலவழிப்பதா வேண்டாமா என்று ஒருவர் அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்கிறார். அந்த முடிவைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஏன் உண்டு? அதில் நம் பணமும் இருக்கிறது.

2008 செப்டம்பரில் அதிவேக இணையத் திட்டத்துக்காக அரசும் டெலிகோம் மலேசியாவும் ஒப்பந்தம் செய்தன. மதிப்பு 1,130 கோடி வெள்ளி. அதில் 240 கோடி அரசுப் பணம், அதாவது மக்கள் வரிப்பணம். 2010 மார்ச்சில் சேவை முதலில் எங்கே தொடங்கியது? பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலாம். வசதியானவர்கள் வாழும் இடங்கள் முதலில், நம் இடங்கள் பிறகு!

2020-இல் ஜெண்டேலா திட்டம் வந்தது. 2022 இறுதிக்குள் 75 லட்சம் கட்டடங்களுக்குக் கண்ணாடி இழை என்று இலக்கு வைத்தார்கள். ஆனால் அந்தக் கணக்கு, கேபிள் கடந்து போகும் வாசல்களை எண்ணும் கணக்கு. உங்கள் வீட்டுக்குள் இணையம் வந்ததா என்பது அதில் இல்லை. 'போர்ட் ஃபுல்' என்று திருப்பி அனுப்பப்பட்ட வீடும் அங்கே 'வசதி பெற்ற வீடு' என்ற கணக்கில் நிற்கலாம்! 2023-இல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மாதம் 69 வெள்ளியில் வீட்டு இணையத் தொகுப்பு அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் செருகத் துளையே இல்லாத வீட்டுக்கு மலிவு விலையால் என்ன பயன்?

தோட்டத்து மக்களுக்கு இது புதிய கதை அல்ல. தோட்டம் தனியார் நிலம், ஆகவே கிராமப்புற மேம்பாட்டுப் பணம் உள்ளே வராது என்றே பல்லாண்டுகள் சொன்னார்கள். பக்கத்துக் கம்பத்துக்குக் குழாயும் கம்பமும் வந்தபோது லயத்து வீடுகள் காத்திருந்தன. குழாய்த் தண்ணீரையும் மின்சாரத்தையும் முதலாளியின் கடமையாக 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டத்தில் எழுதி வைக்க வேண்டியிருந்தது. அன்று தண்ணீர், மின்சாரம். இன்று இணையம்.

இணையம் ஆடம்பரம் என்று இனியும் யாராவது சொன்னால் 2020-ஐ நினைவூட்டுங்கள். மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, பள்ளிகள் மூடின, பாடம் வீட்டுக்கு வந்தது. அந்த ஆண்டு கல்வி அமைச்சு எடுத்த ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை. சபாவில் ஒரு மாணவி அலைவரிசை தேடி மரத்தில் ஏறி இணையவழித் தேர்வு எழுதியதை நாடே பார்த்தது. இன்று உதவித்தொகை, பல்கலைக்கழக விண்ணப்பம், வேலை, எல்லாம் இணையத்தில்தான். கைப்பேசி டேட்டாவை நான்கு பிள்ளைகள் பங்கு போட்டுப் படிக்க முடியுமா?

சட்டம் என்ன சொல்கிறது? 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 202-வது பிரிவு, சேவை குறைந்த பகுதிகளுக்கும் சேவை குறைந்த மக்கள் குழுக்களுக்கும் சேவை கிடைக்க வழி செய்யச் சொல்கிறது. 'பகுதி' மட்டுமல்ல, 'மக்கள் குழு' என்றும் இருக்கிறது, கவனியுங்கள். இதற்கென்று ஒரு நிதியும் உண்டு. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கணக்கிடப்பட்ட நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை அதில் கட்டுகின்றன. 188-வது பிரிவோ, வாடிக்கையாளரிடம் நியாயமாக நடக்கவும் புகாரைச் சரிவரக் கவனிக்கவும் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான்.

ஒன்று: வாய்ப்பதிலை ஏற்காதீர்கள். கேபிளே வரவில்லையா, போர்ட் நிரம்பிவிட்டதா, நில உரிமையாளர் அனுமதி தரவில்லையா என்று எழுத்தில் கேளுங்கள். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு.

இரண்டு: கம்பத்துப் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைப் படம் எடுங்கள். காலியான வீட்டின் பழைய இணைப்பு அதில் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

மூன்று: வேறு நிறுவனத்திடமும் கேளுங்கள். ஆனால் பல நிறுவனங்கள் டெலிகோம் மலேசியாவின் அதே கேபிளில்தான் விற்கின்றன. சொந்தக் கேபிள் உள்ள நிறுவனம் உங்கள் பகுதியில் உண்டா என்று கேட்பதே பயன் தரும்.

நான்கு: தனியாகப் போகாதீர்கள். தெருவில் இணைப்பு இல்லாத எல்லா வீடுகளையும் பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு வீடும் தனித்தனியே விண்ணப்பித்து, விண்ணப்ப எண்ணைப் பட்டியலில் எழுதட்டும். ஒரு வீடு கேட்டால் புகார். முப்பது வீடு கேட்டால் நிறுவனத்துக்கு அது வியாபாரம், சட்டமன்ற உறுப்பினருக்கு அது ஓட்டு.

ஐந்து: நியாயமான பதில் வராவிட்டால் அந்தப் பட்டியலோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு எழுதுங்கள். 188, 202 ஆகிய இரு பிரிவுகளையும் குறிப்பிடுங்கள். நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள்.

நம் பேராக் மண்ணிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 1950-களில் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது வேலையும் வீடும் போகும் நிலை வந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம் தோட்டங்களையே வாங்கியது. நம் பாட்டனும் பாட்டியும் பத்து வெள்ளியோடு தோட்டம் வாங்க முடிந்தது என்றால், நம்மால் ஒரு பெட்டி கேட்டுக் கையெழுத்துத் திரட்ட முடியாதா?

'போர்ட் ஃபுல்' என்பது பதில் அல்ல. எப்போது தருவீர்கள் என்பதற்கு ஒரு தேதிதான் பதில். அதை எழுத்தில் வாங்கும்வரை விடாதீர்கள்!